மோட்டாரின் முதுகில் சைக்கிள்

விடுமுறை நாளின் விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நின்று நோக்குவோர், மோட்டார் வண்டிகள் சில தம் முதுகில் இரண்டொரு சைக்கிள்களைச் சுமந்து செல்லுதலைக் காண்பர். வாகனத்திற்கும் ஒரு வாகனம் வேண்டுமோ என்று முதியோர் நகைப்பர். நகைக்கட்டும். நகர நெரிசலில் மிதிக்க அஞ்சுவோர், திறந்த சாலைக்கோ மலையடிவாரத்திற்கோ சென்று ஆங்கு மிதித்து மகிழ விரும்புதல் குற்றமன்று. நம் கல்லூரியின் பழைய மாணாக்கர் பலர் இவ்வின்பத்தில் ஈடுபட்டுள்ளனர்; யாமும் அக்கூட்டத்தைச் சேர்ந்தோமே. ஆதலின் யாம் ஈண்டு உரைக்கப் புகுவது வெறுப்பினால் எழுந்ததன்று.

சைக்கிளைக் காரில் ஏற்றிச் செல்லும் கருவிகளுள், கூரைமேல் பொருத்துவனவும், பின்புறத்து இழுவைக் கொக்கியில் மாட்டுவனவும் விலை மிக்கவை. பட்டைகளால் கட்டும் தாங்கியே எளியது. மாணவர் கைப்பொருளுக்கும் ஓரளவு எட்டுவது. வளைந்த சட்டம் ஒன்று. அதன் பாதங்கள் டிக்கிக் கதவின்மீதும் பம்பர்மீதும் அழுந்தி நிற்கும். இரு கைகள் பின்னோக்கி நீண்டு சைக்கிளை ஏந்தும். பட்டைகள் பெரும்பாலும் ஆறு. ஒவ்வொன்றின் நுனியிலும் உறையிட்ட கொக்கி ஒன்று கதவின் விளிம்பைப் பற்றும். மேற்பட்டைகள் இரண்டும் பாரத்தைச் சுமப்பன. பக்கப்பட்டைகள் ஆட்டத்தை அடக்குவன. கீழ்ப்பட்டைகள் தாங்கி குதித்தெழாவண்ணம் இழுத்துப் பிடிப்பன. ஒரு துளையும் இடாமல் கால்மணி நேரத்தில் கட்டிவிடலாம். வேலை தீர்ந்தபின் கழற்றிப் பரண்மேல் எறிந்துவிடலாம். சாமர்த்தியமான பொருளே என்பதில் ஐயமில்லை.

ஆயின் அதன் உயிர் முழுதும் பட்டையிலே உளது. நைலான் பட்டை நனைந்தால் நீளும். நெடுநாள் வெயிலில் காய்ந்தால் வலிமை குன்றும். நம் சாலைகளின் பள்ளமும் வேகத்தடையும் ஒவ்வொன்றும் அதனை ஒருமுறை வெட்டி இழுக்கும். இதனை அறிந்தே, சிறிது தொலைவு சென்றதும் வண்டியை நிறுத்திப் பட்டைகளை மீண்டும் இறுக்குக என்று செய்வோர் குறிப்பேட்டில் அச்சிட்டுத் தருகின்றனர். அதனைப் படிப்பார் யார்?

யாமும் படித்திலோம். இரண்டாண்டுகட்கு முன்னர், ஏலகிரியின் பதினான்கு கொண்டையூசி வளைவுகளையும் மிதித்தே ஏறுவதென்று உறுதி பூண்டு, 14 கிலோ எடையுள்ள சைக்கிள்கள் இரண்டனைத் தாங்கியில் கட்டிச் சென்னையினின்று புறப்பட்டோம். வேலூரைக் கடந்து ஆம்பூரை அணுகுங்கால், இளைஞர் ஒருவர் தம் தாயாரைப் பின்னே இருத்தி மோட்டார் சைக்கிளில் வந்தவர், இடைவிடாது ஒலியெழுப்பினர். வழி கேட்கும் அவசரக்காரர் என்றெண்ணி யாம் வேகத்தை மிகுத்தோம், அவரும் மிகுத்தனர். முடிவில் அருகே வந்து கையசைத்தனர். நிறுத்தி இறங்கிப் பார்த்தபோது, இடப்பக்கத்து மேற்கொக்கி விளிம்பை விட்டு நழுவித் தொங்கியது. தாங்கி ஒருபுறம் சாய்ந்து, சைக்கிளின் சக்கரம் தரையைத் தொட நான்கு விரற்கடையே எஞ்சியிருந்தது. “வெகுநேரமாகக் கூப்பிடுகிறேன், ஐயா, அது எங்கள்மேல்தான் விழுந்திருக்கும்” என்றார் அவர். சினந்து சொன்னாரல்லர். அவ்வம்மையார் ஒன்றும் பேசவில்லை. எம்மை மட்டும் நோக்கினார்.

அந்நாள் தொட்டு எமக்கொரு கருத்து உறுதிப்பட்டுள்ளது. இத்தகைய தாங்கி அமெரிக்கா, ஐரோப்பா முதலிய நாடுகளிற் பெருகி வழங்குவது. ஆங்கு ஒரு காரின் பின்னே வருவது பெரும்பாலும் மற்றொரு கார். நழுவிய சைக்கிள் இரும்பிலும் கண்ணாடியிலும் மோதும். நம் நாட்டிலோ பதிவான வண்டிகளில் நான்கில் மூன்று பங்கிற்கு அண்மையில் இருசக்கர வண்டிகளே. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர். அவருள் நூற்றுக்கு 44 பேருக்குக் குறையாமல் இருசக்கர வண்டியில் சென்றோர். தாங்கி வாங்கச் செல்வோர், வண்டியின் வர்ணம் கீறுமோ, சைக்கிள் களவு போகுமோ என்று வினவுகின்றனர். பின்னே வருவது யார் என்று வினவியவரை யாம் கண்டதில்லை. எம்மையும் சேர்த்தே சொல்லுகின்றோம்.

பட்டை நழுவாவிடினும் பின்வருவோர்க்கு இடர் உண்டு. தொங்கும் சைக்கிள்கள் பிரேக் விளக்கையும் நம்பர் பிளேட்டையும் மறைத்துவிடுகின்றன. முன்வண்டி நிற்கப்போவதை அறிவிக்கும் ஒரே குறியும் இதனால் அவர்க்கு இல்லையாகின்றது. பிரிட்டனில், விளக்கும் எண்ணும் மறைந்தால், அவற்றையே கொண்ட தனிப்பலகை ஒன்றைச் சைக்கிளின் பின்னே கட்டுவர். எண்ணை மறைத்தோர்க்கு 1,000 பவுன் வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடந்தருகின்றது. இங்கோ 2019 ஏப்ரல் 1 முதல் பதிவாகும் வண்டிகளின் பின்பலகை, உடைத்தாலன்றிக் கழலாத பூட்டாணியால் இறுக்கப்பட்டது. கழற்றித் தாங்கியில் மாட்ட இயலாது. மேலும், ஆல்டோ போன்ற சிறு காரின் அகலம் 1.49 மீட்டர், சைக்கிளின் நீளமோ ஏறக்குறைய ஒன்றே முக்கால் மீட்டர். இருபுறமும் அரைச்சாணுக்கு மேல் சக்கரம் நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் உரசிச் செல்லும் ஸ்கூட்டர்காரர் முழங்காலை யாம் நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

அங்ஙனமாயின் இதனைத் தடுத்துவிடலாகாதோ என்பார் உளர். அது எமக்கு உடன்பாடன்று. ஒரே சைக்கிளாயின் முன்சக்கரத்தைக் கழற்றிப் பின்னிருக்கையில் கிடத்துக. பெரும்பாலும் அடங்கிவிடும், இருக்கையில் சிறிது எண்ணெய்க்கறை படியும், அவ்வளவே. இரண்டாயின் தாங்கியின் கைகளை உயர்த்திக் கட்டி, விளக்கும் எண்ணும் தெரிகின்றனவா என்று பத்தடி பின்னே சென்று பார்த்த பிறகே புறப்படுக. அவ்வாறு தெரியாத வண்டிக்கு இத்தாங்கி தகாது. கண்ணாடி விளிம்பிலும் பிளாஸ்டிக் அணிப்பகுதியிலும் கொக்கியை மாட்டலாகாது. புகைக்குழாயின் நேரே டயர் தொங்கலாகாது. தாங்கியின் பட்டைகளையே முற்றும் நம்பாமல், வேறொரு கயிற்றின் நுனியில் பெருமுடிச்சிட்டு டிக்கிக்குள் வைத்துக் கதவை அடைத்து, மறுநுனியைச் சைக்கிளின் சட்டத்தோடு பிணைத்தல் நன்று. மேற்கொக்கி நழுவினாலும் அது சிறிது நேரம் காக்கும்.

சென்ற ஆண்டு ஏலகிரிக்கு மறுமுறை சென்றோம். வாணியம்பாடி சேர்வதற்குள் மூன்று முறை நிறுத்திப் பட்டைகளை இறுக்கினோம். மூன்றாம் முறையும் இடப்பக்கத்து மேற்பட்டை ஒரு விரற்கடை தளர்ந்தே இருந்தது.