பலர் சேர்ந்து எழுப்பும் நாதம்



சாலொமோன் கட்டிய ஆலயத்தின் பிரதிஷ்டையின்போது 120 ஆசாரியர்கள் பூரிகை ஊதினார்கள் என்று 2 நாளாகமம் 5-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஊதினவர்களும் பாடினவர்களும் ஒருமித்து ஒரே சத்தமாய்த் துதித்தபோது ஆலயம் மகிமையினால் நிரம்பிற்று. பலருடைய சத்தம் ஒன்றாவதற்கு எவ்வளவு பயிற்சி வேண்டும் என்பதை நம் தேசத்தின் இசை வரலாறு ஒன்று காட்டுகிறது.

1935-ஆம் ஆண்டில் மெஹ்லி மேத்தா என்னும் பார்சி வயலின் கலைஞர் பம்பாய் சிம்பொனி இசைக்குழுவைத் தொடங்கினார். ஆர்வத்தினால் மட்டுமே வாசித்த பார்சிகளும், கடற்படை வாத்தியக்காரரும், ஓட்டல்களில் வாசித்துப் பிழைத்த கோவா கலைஞர்களும் அதில் ஒன்றாய் அமர்ந்தார்கள். கோவா கலைஞர்கள் பலருக்கு முதன்முதலாகச் சுரக்குறிப்பு வாசிக்கவும் வயலின் பிடிக்கவும் கற்றுக்கொடுத்தவை அவர்களுடைய ஊர்களின் பங்குக் கோவில் பள்ளிகளே. மாநகரத்தின் சிம்பொனிக்குச் சிற்றூர்க் கோவில்களே வேர்களாய் இருந்தன.

மெஹ்லியின் மகன் ஜூபின் மேத்தா அந்த இசையைக் கேட்டு வளர்ந்து, 1978 முதல் 1991 வரை நியூயார்க் பில்ஹார்மோனிக்கின் இசை இயக்குநராயிருந்தார். தந்தையோ 1964-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இளைஞருக்கென்றே ஓர் இசைக்குழுவை நிறுவி, மீண்டும் கற்பிக்கத் தொடங்கினார்.

இன்று நம் ஆராதனைகளை எண்ணிப்பாருங்கள். கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் தாளமும் வயலினும் தாமே எழும்புகின்றன. அது வசதிதான், ஆனால் பிறருக்குச் செவிகொடுக்க அது நம் பிள்ளைகளுக்குக் கற்றுத்தராது. இசைக்குழுவில் ஓபோ என்னும் குழல் ஒரு சுரத்தை ஒலிக்க, மற்றவர்கள் அதற்கேற்பத் தங்கள் கருவிகளைச் சுருதி சேர்க்கிறார்கள். தன் முறை வருமட்டும் மாத்திரைகளை எண்ணிக்கொண்டு மௌனமாய் அமர்ந்திருப்பதும் அங்கே வாசிப்பின் ஒரு பகுதியே. அவயவங்கள் பல, சரீரம் ஒன்று என்னும் அப்போஸ்தலனின் போதனையைக் கையால் செய்து பழகும் இடம் அது.

"பணமில்லை, நேரமில்லை" என்பீர்கள். பெரிய ஒலிபெருக்கிகளுக்குக் காணிக்கை சேர்க்க நமக்கு முடிகிறதே! அந்தத் தொகையில் ஒரு பங்கைச் சில வயலின்களுக்கும் புல்லாங்குழல்களுக்கும் ஒதுக்கலாம். ஞாயிறு மாலைதோறும் ஒரு மணி நேரம், கற்றவர் கல்லாதவருக்குச் சொல்லிக்கொடுக்கலாம். முதல் வருடம் அபசுரமே மிகுதியாய்க் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஜமுக்காளம் நெய்யும் பவானியில், ஒற்றை நூலால் விரிப்பு ஆகாது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

இவ்வருடக் கிறிஸ்துமஸ் ஆராதனையில் ஒரு கீதமாவது நம் பிள்ளைகளின் கைகளிலிருந்தே எழும்பட்டும்.