கைத்துப்பாக்கிக்கு முன் ஓர் அனுமதிச் சீட்டு

அமெரிக்காவில் துப்பாக்கி வாங்குவது கடைக்குப் போய்ப் பொருள் வாங்குவது போலத்தான் என்று நம்மூரில் பலர் நினைக்கிறார்கள். நியூஜெர்சியில் அப்படி நடக்காது.

அங்கே கைத்துப்பாக்கி வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். கைரேகை, குற்றப் பின்னணி, மனநலப் பதிவுகள் எல்லாம் பார்க்கப்படும். விண்ணப்பதாரரை அறிந்த இருவர் சான்று சொல்ல வேண்டும். ஒரு துப்பாக்கிக்கு ஓர் அனுமதிச் சீட்டு. 30 நாளில் ஒன்றுதான் வாங்கலாம். 2022-இல் பயிற்சியும் கட்டாயமானது, 2 டாலராக இருந்த சீட்டுக் கட்டணம் 25 டாலரானது.

தற்காப்புக்காகக் கேட்பவரை இப்படி அலைக்கழிக்கலாமா என்று துப்பாக்கி உரிமையாளர்கள் கேட்கிறார்கள். தாமதம் குறித்த அவர்கள் புகாரில் நியாயம் உண்டு. 30 நாளில் முடிக்கச் சட்டம் சொன்னாலும் சில ஊர்களில் மாதக்கணக்கில் இழுத்திருக்கிறது. அதற்குக் கூடுதல் பணியாளர்களை அமர்த்தலாம். சோதனையையே கைவிடுவது ஆபத்து.

மிசௌரி மாநிலம் அதைத்தான் செய்தது. பல பத்தாண்டுகள் இருந்த அனுமதி முறையை 2007-இல் நீக்கியது. அதன்பின் துப்பாக்கிக் கொலைகள் கூடியதாக ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள். 1995-இல் அனுமதி முறையைக் கொண்டுவந்த கனெக்டிகட்டிலோ கொலைகள் குறைந்தன என்பது அவர்கள் கணிப்பு.

இன்னொன்று அதிகம் பேசப்படுவதில்லை. அமெரிக்கத் துப்பாக்கி மரணங்களில் பாதிக்கு மேல் தற்கொலைகள். சாகும் எண்ணம் பலருக்குச் சில மணி நேரத்தில், சில நாளில் தணிந்துவிடும். முதல் துப்பாக்கி வாங்க வரும் அத்தகையவருக்கு அந்தக் காத்திருப்பு உயிர் காக்கும் அவகாசம்.