பாரிஸ் தலைமையும் 1973-ஆம் ஆண்டுக் கணக்கும்

பாரிஸில் உள்ள சர்வதேச எரிசக்தி முகமையின் செயல் இயக்குநராக 2015-இல் பொறுப்பேற்றவர் துருக்கியப் பொருளாதார அறிஞர் ஃபாத்தி பிரோல். அதற்கு முன் ஜெர்மனி, பிரிட்டன், பிரான்ஸ், ஜப்பான், நெதர்லாந்து நாட்டினர் அப்பதவியை வகித்தனர். எண்ணெய் உற்பத்தி நாடுகளின் நெருக்குதலைச் சமாளிக்க 1974-இல் பிறந்த அமைப்புக்கு, ஒபெக்கில் பணிபுரிந்த ஒருவர் தலைவரானது ஒரு சுவையான முரண்.

இந்தியா 2017 முதல் அதன் இணை நாடு. 2023-இல் முழு உறுப்புரிமை கோரியது. பிரோல் இந்தியாவை நெருங்கிவரச் செய்ய விரும்புபவரே. ஆனால், இதில் செயல் இயக்குநரின் நல்லெண்ணத்துக்குப் பெரிய மதிப்பில்லை. ஓஇசிடி நாடுகளுக்கு மட்டுமே உறுப்புரிமை என்பது ஒப்பந்த விதி. ஆளும் குழுவில் நாடுகளின் வாக்கு மதிப்பில் ஒரு பகுதியோ 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நுகர்வைக் கொண்டு வகுக்கப்பட்டது! இன்று எண்ணெய் நுகர்வில் இந்தியாவுக்கு உலகில் மூன்றாமிடம். கணக்கைப் புதுப்பித்தால் பழைய உறுப்பினர்களின் செல்வாக்கு குறையும். அவர்களின் தயக்கத்துக்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

நம் பக்கமும் ஒரு கேள்வி உண்டு. உறுப்பு நாடு 90 நாள் நிகர இறக்குமதிக்கு ஈடான எண்ணெயை இருப்பு வைக்க வேண்டும். விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் நிலவறைகள் முழுவதும் நிரம்பினாலும் சுமார் 9.5 நாள்களுக்கே போதும். எண்ணெய் நிறுவனங்களின் கிடங்குகளையும் சேர்த்து மத்திய அரசு கூறிவந்த கணக்கு 74 நாள்கள். எஞ்சிய இருப்புக்கான செலவை அரசு ஏற்குமா, பெட்ரோல் விலையில் சேர்க்குமா என்பதை நாடாளுமன்றம் இப்போதே கேட்டாக வேண்டும்.