குடிலுக்குள் நுழைந்த சந்தை

கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவை வணிகர்கள் கவர்ந்துகொண்டார்கள் என்று ஆண்டுதோறும் புலம்புகிறோம். விற்பது வணிகரின் தொழில். கதவைத் திறந்துவிட்டவர்கள் நாமல்லவா?

1223ஆம் ஆண்டு இத்தாலியின் கிரெச்சியோ சிற்றூரில் புனித பிரான்சிஸ் அசிசியார் அமைத்த குடிலை எண்ணிப் பார்ப்போம். வைக்கோல், தீவனத் தொட்டி, ஓர் எருது, ஒரு கழுதை, அவ்வளவே. சுரூபங்கள்கூட இல்லை. அத்தொட்டியின் மேலேயே திருப்பலி நிறைவேறியது. தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்டவரே நற்கருணையில் நமக்கு உணவாகிறார் என்பதே அக்குடில் உணர்த்திய மறையுண்மை.

நம் குடில்களிலோ வண்ண விளக்குகளும் பரிசுப் போட்டிகளும் மலிந்துள்ளன. காத்திருப்பிற்கும் மனமாற்றத்திற்கும் திருச்சபை தந்துள்ள திருவருகைக் காலத்தைத் துணிக்கடைகளில் செலவிடுகிறோம். புத்தாடை இல்லையே என்று ஓர் ஏழைச் சகோதரர் நள்ளிரவுத் திருப்பலிக்கு வரத் தயங்குவாரானால், அவரை வெளியே நிறுத்தியது யார்? இடமில்லை என்று கூறியவர்கள் பெத்லகேமில் மட்டுமா இருந்தார்கள்?

புத்தாடையும் பலகாரமும் பாவமல்ல. அவற்றையே விழாவாக்கியதுதான் நம் குற்றம். இவ்வாண்டு பெருவிழாவிற்கு முன் ஒப்புரவு அருட்சாதனம் பெறுவோம். பகைத்தவர் வீட்டுப் படியேறுவோம். போட்டிக்குரிய பரிசுத் தொகையைப் பங்கிலுள்ள வறிய குடும்பத்திற்கு அளிப்போம். சந்தை தானே வெளியேறும். பாலன் இயேசுவுக்கு இடம் கிடைக்கும்.