வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை

காலையில் எழுந்தால் விரல் மடங்குவதில்லை. பிள்ளைக்குச் சடை பின்ன முடியவில்லை, துணி பிழிய முடியவில்லை. பத்து மணிக்கு மேல்தான் கொஞ்சம் இளகிக் கொடுக்கிறது. முப்பது, நாற்பது வயதுப் பெண் ஒருவர் இப்படிச் சொல்லிக்கொண்டு வரும்போது, கையில் ஜவுளிக்கடைப் பை நிறையக் காகிதங்கள் இருக்கும். யூரிக் அமிலம் பார்த்திருப்பார்கள். கால்சியமும் வைட்டமின் டி-யும் கொடுத்திருப்பார்கள். சிக்குன்குனியாவின் மிச்சம் என்று ஒருவரும், வாயுக்கோளாறு என்று இன்னொருவரும் சொல்லியிருப்பார்கள். வேலை செய்யச் சோம்பல் என்று வீட்டிலும் பேச்சு வாங்கியிருப்பார். நோயின் பெயர் மட்டும் அந்தக் காகிதங்கள் எதிலும் இருக்காது.

ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று மருத்துவர்கள் எழுதுவதை முடக்குவாதம் என்றும் சரவாங்கி என்றும் ஊரில் சொல்வார்கள். கிருமியைத் தாக்க வேண்டிய நோய் எதிர்ப்பாற்றல் சொந்த உடலையே தாக்கும் நோய்களில் இது ஒன்று. லூபஸ், சோரியாசிஸ், தைராய்டைப் பாதிக்கும் ஹஷிமோட்டோ நோய், குழந்தைகளுக்கு வரும் முதல் வகை நீரிழிவு ஆகியவையும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. முடக்குவாதம் வருபவர்களில் பெண்களே அதிகம். ஓர் ஆணுக்கு மூன்று பெண்கள் என்பது பொதுவான கணக்கு. லூபஸில் இது ஒன்பதுக்கு ஒன்று. முடக்குவாதத்துக்கு இன்று நல்ல மருந்து இருக்கிறது, விலையும் குறைவு. அப்படியிருந்தும் விரல்கள் கோணிப்போய் வரும் பெண்களை வாராவாரம் பார்க்கிறோம். மருந்து கிடைக்காததால் வந்த கோணல் அல்ல அது. தாமதத்தாலும் பயத்தாலும் வந்தது.

நோயைக் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. நோயாளியின் கையை வாங்கி, உள்ளங்கையை ஒட்டிய விரல் கணுக்களைப் பக்கவாட்டில் சேர்த்து மெல்ல அழுத்தினால் போதும், முகம் சுளிப்பார். ஒவ்வொரு கணுவாக விரலால் தடவிப் பார்த்தால், எலும்பின் கெட்டித்தன்மை இருக்க வேண்டிய இடம் ஊறிய பஞ்சுபோல மெத்தென்று அமுங்கும். இரண்டு கைகளிலும் ஏறக்குறைய ஒரே கணுக்கள் வீங்கியிருக்கும். நகத்துக்குக் கீழே உள்ள கடைசிக் கணுவைப் பெரும்பாலும் இந்த நோய் விட்டுவிடும். வயதானவர்களின் முழங்கால் தேய்மானம் நடந்தால் வலிக்கும், உட்கார்ந்தால் குறையும். இது நேர்மாறு. ஓய்வெடுத்த இரவுக்குப் பிறகுதான் விறைப்பு அதிகம், அதுவும் ஒரு மணி நேரத்துக்குமேல் நீடிக்கும். இப்படி ஆறு வாரம் தொடர்ந்தால், வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி-சிசிபி என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகள் நோயை உறுதிசெய்ய உதவும். முதலாவது சற்று ஏமாற்றும். நோயே இல்லாத முதியவர்களில் சிலருக்கும் அது பாசிட்டிவ் என்று வரும். நோய் முற்றிய சிலருக்கு நெகட்டிவாகவே இருக்கும். லூபஸுக்குப் பார்க்கும் ஏ.என்.ஏ. பரிசோதனையும் அப்படித்தான். 'மாஸ்டர் செக்கப்' பட்டியலில் அதையும் சேர்த்துச் செய்துவிட்டு, எந்தத் தொல்லையும் இல்லாத பெண்ணை இரவெல்லாம் அழவிடுகிறார்கள். காகிதத்துக்கு முன் கையைப் பார்க்க வேண்டும்.

உடல் தன்னையே தாக்கும் என்பதை மருத்துவ உலகம் எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோயெதிர்ப்பியல் முன்னோடி பால் எர்லிக் அப்படி நடக்க உடல் இடம்தராது என்று கருதினார். அவர் சொல்லுக்கு இருந்த மதிப்பினால் இத்துறை பல பத்தாண்டுகள் பின்தங்கியது. முயலின் தைராய்டுக்கு எதிராக அந்த முயலையே கிளப்பிவிட முடியும் என்று 1956-ல் நோயல் ரோஸும் விடெப்ஸ்கியும் காட்டிய பிறகுதான் நிலைமை மாறியது. இப்போது நமக்குத் தெரிவது இது: தன்னைத் தாக்கக்கூடிய அணுக்களில் பெரும்பாலானவற்றைத் தைமஸ் சுரப்பி ஆரம்பத்திலேயே அழித்துவிடுகிறது. தப்பி வெளியே வருபவற்றை அடக்கிவைக்கத் தனியாகச் சில டி அணுக்கள் உண்டு. அவற்றை அடையாளம் கண்ட ஷிமோன் சகாகுச்சிக்கும், அவற்றை இயக்கும் மரபணுவைக் கண்ட மேரி பிரன்கோவுக்கும் ஃப்ரெட் ராம்ஸ்டெலுக்கும் 2025-ம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அந்த அடக்குமுறை தளரும் இடத்தில் நோய் தொடங்குகிறது. மூட்டின் உட்சவ்வு தடித்து வளர்ந்து குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. அரித்த எலும்பை எந்த மருந்தாலும் திரும்ப வளர்க்க முடியாது. முதல் ஆறு மாதங்களை நாங்கள் இவ்வளவு வற்புறுத்துவது அதனால்தான்.

இனி மருந்துக்கு வருகிறேன். 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச், படுக்கையிலிருந்து எழ முடியாத முடக்குவாத நோயாளி ஒருவருக்குக் கார்டிசோன் ஊசி போட்டார். சில நாட்களில் அவர் நடந்தார். ஹென்ச்சுக்கு 1950-ல் நோபல் பரிசும் கிடைத்தது. பக்கவிளைவுகள் தெரியவந்தது பிறகுதான். அந்தக் கார்டிசோனின் வழியில் வந்த ஸ்டீராய்டுகள்தாம் இன்று பெயரில்லாத பொட்டலப் பொடிகளிலும், 'மூன்றே நாளில் வலி போகும்' என்ற மருந்துகள் சிலவற்றிலும் கலந்திருக்கின்றன. சாப்பிட்டவுடன் வலி பறந்துவிடும். பசி எடுக்கும், முகம் உருண்டு வரும். சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். உள்ளே மூட்டு அரிப்பு முழுமையாக நின்றுவிடுவதும் இல்லை. பல மாதங்கள் சாப்பிட்டுவிட்டு, பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். உடல் தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு அதற்குள் அடங்கிப்போயிருக்கும். மருத்துவர் கையில் ஸ்டீராய்டு அருமையான மருந்து. மற்ற மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை சில வாரங்களுக்குக் கொடுத்து, படிப்படியாகக் குறைத்து நிறுத்துவோம்.

அந்த மற்ற மருந்தின் பெயர் மெத்தோட்ரெக்சேட். அதன் வேர் சென்னையில் இருக்கிறது. அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் 1895-ல் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதரில் அறுவைசிகிச்சை அங்கி அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார்; எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழோடுதான் வெளியேறினார். அமெரிக்கா போய், லெடர்லி ஆய்வுக்கூடத்தில் ஒரு குழுவை நடத்தினார். ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்ததும், அதன் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரின், மெத்தோட்ரெக்சேட் ஆகிய மருந்துகளை உருவாக்கியதும் அந்தக் குழுதான். ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு அமினோப்டெரின் கொடுத்து முதன்முதலில் நோயைத் தணித்துக் காட்டினார் பாஸ்டனின் சிட்னி ஃபார்பர். 1948 ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார். ஹென்ச்சின் கார்டிசோன் ஊசிக்குச் சில வாரங்களே முன்பு.

1951-லேயே ஓர் அமெரிக்க மருத்துவர் அமினோப்டெரினை முடக்குவாதத்துக்குக் கொடுத்துப் பலன் கண்டார். கார்டிசோனின் பளபளப்பில் அதை யாரும் கவனிக்கவில்லை. 1980-களில் முறையான ஆய்வுகள் நடந்து, 1988-ல்தான் அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் அனுமதி பெற்றது. இடையில் போன ஆண்டுகளில் எத்தனை கைகள் கோணிப்போயிருக்கும் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

'டாக்டர், இது கேன்சர் மாத்திரையாமே?' மருந்துக்கடையிலிருந்தோ கைபேசியிலிருந்தோ இந்தச் சேதி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். மறுநாளே மாத்திரை குப்பைக்குப் போகும். உண்மைதான், புற்றுநோய்க்கும் இதே மருந்துதான். சில புற்றுநோய்களுக்கு ஒரே தடவையில் கிராம் கணக்கில் ஏற்றுவார்கள். முடக்குவாதத்துக்குக் கொடுப்பது வாரத்துக்குப் பதினைந்து முதல் இருபத்தைந்து மில்லிகிராம். அந்த அளவில் அது அணுக்களைக் கொல்லும் வேலையில் இறங்குவதில்லை. பொங்கும் அழற்சியைத் தணிக்கிறது. முழுப் பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அதற்குள் 'மருந்து கேட்கவில்லை' என்று விட்டுவிடக் கூடாது. மெத்தோட்ரெக்சேட் போட்ட மறுநாளோ அதற்கடுத்த நாளோ ஃபோலிக் அமில மாத்திரையும் தருகிறோம், வாய்ப்புண்ணையும் குமட்டலையும் குறைப்பதற்கு. மருந்தும் அதன் துணை மாத்திரையும் ஒரே மனிதரின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தவை.

மெத்தோட்ரெக்சேட்டில் உண்மையான ஆபத்து ஒன்று உண்டு, அது தவறாகச் சாப்பிடுவது. வாரம் ஒரு நாள் போட வேண்டியதை அன்றாடம் போட்டுவிட்டால், வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து, உயிர் போகலாம். போயிருக்கிறது. சீட்டில் 'வாரம் ஒருமுறை' என்று எழுதினால் போதாது. 'செவ்வாய்க்கிழமை மட்டும்' என்று கிழமையின் பெயரை எழுத வேண்டும், கடைக்காரரும் அதையே உறையில் எழுத வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால், பிள்ளையைக் கூப்பிட்டு வைத்துச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் மாதம் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் பார்க்க வேண்டும். மது கூடாது. காய்ச்சலோ வாய்ப்புண்ணோ வந்தால் அந்த வார மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கருத்தரிக்க நினைக்கும் பெண் இதை முன்கூட்டியே, குறைந்தது ஒன்று முதல் மூன்று மாதங்களுக்கு முன்பே, மருத்துவர் சொல்படி நிறுத்தியாக வேண்டும். அதற்காகக் குழந்தையே கூடாது என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், சல்ஃபசலாசின் போன்றவற்றைக் கர்ப்பக் காலத்திலும் தொடரலாம். இதே ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைத்தான் 2020-ல் கரோனாவுக்கு நல்லது என்று ஆளாளுக்கு வாங்கிப் பதுக்கினார்கள். அன்றாடம் அதை நம்பியிருந்த லூபஸ் பெண்கள் கடை கடையாக அலைந்தார்கள்.

'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' பொடியும் கஷாயமும் விற்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த நோயாளிகளின் எதிர்ப்பாற்றல் குறைந்து போகவில்லை. திசைமாறிப் போயிருக்கிறது. அதைக் கூட்டித் தருவதாகச் சொல்லி அவர்கள் மாத்திரையை நிறுத்த வைக்காதீர்கள்.

மெத்தோட்ரெக்சேட்டுக்கு அடங்காதவர்களுக்கு அடுத்த வழிகள் உண்டு. டி.என்.எஃப். என்ற புரதத்தைத் தடுத்தால் முடக்குவாதம் அடங்கும் என்று லண்டனில் நிறுவியவர்கள் மார்க் ஃபெல்ட்மனும், லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும். அவ்வகை ஊசிகள் இன்று இந்தியாவிலேயே தயாராகின்றன, விலை இறங்கியிருக்கிறது. உள்ளே உறங்கும் காசநோயை அவை எழுப்பிவிடும் என்பதால், நம் நாட்டில் காசநோய்ப் பரிசோதனை செய்யாமல் தொடங்கவே கூடாது. ஜெர்மனியின் எர்லாங்கனில் கடுமையான லூபஸ் நோயாளிகளுக்கு, அவர்களின் டி அணுக்களையே மாற்றியமைத்து ஏற்றும் கார்-டி அணுச் சிகிச்சை கொடுத்து, மருந்தே இல்லாமல் இருக்கும் நிலைக்குச் சிலரைக் கொண்டுவந்திருக்கிறார்கள். நம்பிக்கை தரும் செய்தி. ஆனால், நம் ஊர்ப் பெண்ணின் விரலைக் காப்பாற்ற அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மெத்தோட்ரெக்சேட்டின் ஒரு மாதச் செலவு பெரும்பாலோருக்குச் சில நூறு ரூபாயைத் தாண்டாது.

செலவாவது மற்றவைதான். பஸ் கட்டணம், ஒரு நாள் கூலி, மாவட்டத் தலைநகரில் நீண்ட வரிசை. அதனாலேயே பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகிறது. வாதநோய் நிபுணர் ஒருமுறை நோயை உறுதிசெய்து அளவை எழுதிக்கொடுத்த பிறகு, வாராந்திர மாத்திரையையும் ஃபோலிக் அமிலத்தையும் அதே பையில் சேர்க்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுப்பதை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்யலாம். வீட்டுக்கு வரும் தன்னார்வலருக்குக் கேட்க இரண்டே கேள்விகள் கற்றுக்கொடுத்தால் போதும்: எந்தக் கிழமை போட்டீர்கள், வாயில் புண் இருக்கிறதா?

- கட்டுரையாளர், மூட்டு மற்றும் வாதநோய் சிகிச்சை நிபுணர்.