கட்டிய பணத்துக்கு வரவு வைக்க வேண்டாமா?



பழைய பாக்கியைக் கொண்டுவந்து கொடுத்தவர் பெயரில் அன்று மாலைக்குள் நாம் வரவு வைத்துவிடுகிறோம். வைக்காமல் விட்ட கணக்குப்பிள்ளையைச் சும்மா விடுவோமா? ஆனால் வங்கியில் தவணை தவறி, பிறகு பாடுபட்டுக் கட்டி முடித்த வியாபாரிக்கு இந்த நியாயம் எளிதில் கிடைப்பதில்லை. தவறியதை சிபில் முதலான கடன் விவர நிறுவனங்களுக்குத் தெரிவிப்பதில் காட்டும் வேகம், கட்டியதைத் தெரிவிப்பதில் பல இடங்களில் இல்லை.

என்னிடம் சரக்கெடுக்கும் மளிகைக்காரர் ஒருவர் 2020 ஊரடங்கில் தவணை தவறினார். 2023இல் ஊரிலிருந்த காலிமனையை விற்றுக் கடனை அடைத்தார். அந்தத் தீபாவளிச் சரக்குக்கு வேறு வங்கியில் கடன் கேட்டால், பழைய பாக்கி நிற்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பணம் வாங்கிய வங்கி விவரமே அனுப்பவில்லை. கடைசியில் கந்துவட்டிக்குத்தான் போனார்.

இன்னொன்று. "மொத்தமாக இவ்வளவு கட்டுங்கள், மீதியைத் தள்ளிவிடுகிறோம்" என்றால் மகிழ்ந்து கையெழுத்துப் போடுகிறோம். அப்படி முடித்த கடன் அறிக்கையில் 'செட்டில்டு' என்று நிற்கும். முழுதும் கட்டினால்தான் 'குளோஸ்டு'. முதல் சொல்லைப் பார்த்தாலே அடுத்து கடன் கொடுப்பவர் தயங்குவார். வழியிருப்பவர் தள்ளுபடி ஆசையை விட்டு முழுதும் கட்டுவதே மேல் என்பேன். வழியே இல்லாதவரைக் குறை சொல்ல மாட்டேன். ஜாமீன் போட்ட நண்பரின் அறிக்கையிலும் அந்தக் கடன் ஏறும் என்பதை மறக்க வேண்டாம். தவறிய மாதங்கள் கட்டிய பின்னும் சில காலம் அறிக்கையில் தெரியத்தான் செய்யும். அதை அழித்துத் தருவதாகப் பணம் கேட்கும் தரகரை வாசலோடு அனுப்புங்கள்.

கட்டியதும் 'நோ டியூஸ்' கடிதம் வாங்கிவிடுங்கள். வங்கிகள் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது விவரம் அனுப்பியாக வேண்டும் என்ற விதி 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆகவே ஒரு மாதம் பொறுத்து அறிக்கையை எடுத்துப் பாருங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகத் தரவேண்டும். தவறிருந்தால் வங்கிக்கும் அந்த நிறுவனத்துக்கும் எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். வங்கி ஒப்புக்கொள்ளாமல் நிறுவனம் தானாகத் திருத்தாது. 30 நாளில் தீராவிட்டால், அதற்குமேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்கு ஈடு தரவேண்டும். 2024 ஏப்ரல் முதல் இது நடைமுறை. அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் செலவில்லாமல் முறையிடலாம்.

ஆனால் 100 ரூபாய் எந்த வங்கியைச் சுடும்? வீட்டுக்கடன் போன்ற தனிநபர் கடன் தீர்ந்து 30 நாளில் பத்திரத்தைத் திருப்பித் தராமல் வங்கி தாமதித்தால், நாளுக்கு 5,000 ரூபாய் என்று இதே ரிசர்வ் வங்கிதான் 2023இல் உத்தரவிட்டது. வியாபாரியின் பெயர் பத்திரத்தைவிட மலிவா? இத்தொகையை உயர்த்தக் கோரி நம் சங்கம் ரிசர்வ் வங்கிக்கு மனு அனுப்பவேண்டும். பாதிக்கப்பட்ட உறுப்பினர்கள் பணம் கட்டிய ரசீது, அறிக்கை நகல்களைச் சங்க அலுவலகத்தில் கொடுத்தால் மனுவோடு இணைக்கலாம்.