டப்பாவில் கிடைக்குமா எதிர்ப்புச் சக்தி?

2020-ம் ஆண்டு மே மாதம். சென்னை கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை தூக்கிப் பிழைத்தவர்கள் ஊர் திரும்பினார்கள். அதுவரை அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் கொரோனா கொஞ்சமாகத்தான் இருந்தது. சில நாட்களிலேயே கணக்கு எகிறியது. இரண்டு மாவட்டமும் கதிகலங்கின.

அப்போது வீட்டுக்கு வீடு நுழைந்த சொல்தான் "எதிர்ப்புச் சக்தி". கபசுரக் குடிநீர் காய்ச்சினார்கள். வைட்டமின் மாத்திரை, துத்தநாக மாத்திரை விழுங்கினார்கள். கொரோனா அலை ஓய்ந்தது. மாத்திரை, பவுடர் வியாபாரம் ஓயவில்லை!

இப்போது அதனுடன் தேகப்பயிற்சியும் சேர்ந்துகொண்டது. "மூச்சு வாங்கக் குதியுங்கள், இந்தப் பவுடரைக் கரைத்துக் குடியுங்கள், எடையும் குறையும், நோயும் அண்டாது" என்று செல்போனில் சொல்கிறார்கள். யாரைப் பார்த்து? உடல் பருத்த பெண்களைப் பார்த்து.

இதில் எவ்வளவு உண்மை?

பத்துக்கு நாலு பேர்

தேசிய குடும்பநல ஆய்வு என்று ஒன்று உண்டு. மத்திய அரசு எடுப்பது. 2015-16-ல் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 31 பேர் உயரத்துக்கு மீறிய எடையுடன் இருந்தார்கள். 2019-21-ல் அது 40 ஆகிவிட்டது. அதே ஆய்வில் 100-க்கு 53 பெண்களுக்கு ரத்தசோகை!

குண்டான பெண்ணுக்கு ரத்தசோகை வராது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. உடம்பில் கொழுப்பு மிகுந்தால் கல்லீரல் ஒரு ரசாயனத்தை அதிகமாகச் சுரக்கும். அது, குடல் இரும்புச் சத்தை உறிஞ்ச விடாமல் கதவைச் சாத்திவிடும். ஆகவே எடை ஏற ஏற இரும்பு குறையலாம்.

சாப்பாட்டையும் பார்க்க வேண்டும். காலையில் இட்லி. மதியம் சோறு. இரவிலும் சோறு. வயிறு நிறைகிறது, சத்து நிறைவதில்லை. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருகிறவளுக்கு மிஞ்சுவது சோறும் அடிக் குழம்பும்தான். முட்டை மிஞ்சுவது இல்லை. பெரம்பலூர்ச் சீமையில் மக்காச்சோளம் மலைமலையாக விளைகிறது. அது கோழித் தீவனமாகப் போகிறது. போகட்டும், அந்தக் கோழி இடும் முட்டையாவது அவள் தட்டுக்கு வரலாமே!

உள்ளே புகையும் நெருப்பு

கொழுப்பு சும்மா கிடப்பது இல்லை. ஓயாமல் ரசாயனங்களைக் கக்குகிறது. அதனால் உடம்புக்குள் மெல்லிய அழற்சி புகைந்துகொண்டே இருக்கிறது. கிருமியோடு போராட வேண்டிய ரத்த அணுக்கள் அதிலேயே களைத்துப்போகின்றன. 2009-ல் பன்றிக்காய்ச்சல் பரவியபோது, பருத்தவர்களை அது கடுமையாகத் தாக்கியதை டாக்டர்கள் கண்டார்கள். கொரோனாவிலும் அப்படியே.

உடற்பயிற்சி இந்த அழற்சியைத் தணிக்கும். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் எவ்வளவு கடுமையாகச் செய்வது?

1987-ல் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மாரத்தான் ஓட்டம் நடந்தது. ஓடியவர்களில் 100-க்கு 13 பேர் அடுத்த வாரமே நோயில் படுத்தார்கள். அதேபோல் பழகியிருந்தும் அன்று ஓடாதவர்களில் 100-க்கு 2 பேருக்குத்தான் நோய் வந்தது. கூட்டமும் தூக்கக் குறைவும்கூடக் காரணமாக இருக்கலாம் என்று பிறகு வந்த விஞ்ஞானிகள் வாதிட்டார்கள். இருந்தாலும், பழகாத உடம்பை ஒரே நாளில் வாட்டுவது கெடுதல். முதலில் முழங்கால் சொல்லும்!

வாரத்துக்கு 150 நிமிட மிதமான பயிற்சி, அல்லது 75 நிமிடக் கடும் பயிற்சி போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் கூறியது. நடக்கும்போது பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அது மிதமான பயிற்சி. நாலு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு வாங்கினால் கடும் பயிற்சி. நடையில் தொடங்கி, சில வாரம் கழித்து, நடுநடுவே ஒரு நிமிடம் விரைந்து நடக்கலாம். ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருந்தால் டாக்டரைக் கேட்ட பிறகுதான் வேகம் கூட்ட வேண்டும்.

"நடப்போம் நலம் பெறுவோம்" திட்டத்தைத் தமிழக அரசு 2023 நவம்பர் 4-ந்தேதி தொடங்கியது. மாவட்டம்தோறும் 8 கிலோ மீட்டர் நடைபாதை. நல்ல ஏற்பாடு. ஆனால் விடியற்காலையில் தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிற பெண் எப்போது நடப்பாள்? அவள் வேகமாக நடந்தால், "எங்கே ஓடுகிறாய்?" என்று கேட்கத் தெருவில் நாலு பேர். அரை மணி நேரம் அடுப்படியை யாராவது பார்த்துக்கொண்டால்தான் அந்தப் பாதை அவளுக்கும் பாதை.

பவுடர் செய்யும் வேலை

வைட்டமின் சி சளியைத் தடுக்கும் என்று அமெரிக்க விஞ்ஞானி லைனஸ் பாலிங் 1970-ல் ஒரு புத்தகமே எழுதினார். உலகம் நம்பியது. பல ஆராய்ச்சிகளைத் திரட்டி 2013-ல் பார்த்தார்கள். தினமும் அதைச் சாப்பிட்ட சாதாரண மக்களுக்குச் சளி பிடிப்பது குறையவில்லை. பாதியாகக் குறைந்தது யாருக்குத் தெரியுமா? மாரத்தான் ஓடியவர்கள், பனிச்சறுக்கு வீரர்கள், கடுங்குளிரில் பயிற்சி பெற்ற சிப்பாய்கள். ஜெயங்கொண்டத்தில் பனிச்சறுக்கு ஏது!

கொரோனா கண்டு வீட்டில் இருந்த 214 பேரை வைத்து அமெரிக்காவில் செய்த சோதனையின் முடிவு 2021-ல் வெளிவந்தது. வைட்டமின் சி, துத்தநாகம் சாப்பிட்டவர்கள் மற்றவர்களைவிட விரைவில் குணமாகவில்லை. புரதப் பவுடரைத் தவிர்க்கும்படி ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் அறிவுரை கூறியது. பருப்பு, வேர்க்கடலை, முட்டை, பால் இருக்கும்போது பவுடர் எதற்கு?

எல்லா மாத்திரையும் வீண் அல்ல. ரத்தப் பரிசோதனையில் இரும்போ வைட்டமின் டியோ குறைவு என்று தெரிந்தால் மாத்திரை அவசியம். டாக்டர் சொன்ன அளவு, சொன்ன நாள் வரை. அளவு மீறினால் ஆபத்து. துத்தநாகத்தை மாதக்கணக்கில் அதிகமாக விழுங்கினால் உடம்பில் தாமிரம் குறையும். அதனாலேயே ரத்தசோகை வரும். இரும்பு மாத்திரை சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சத்து உடம்பில் சேராது. முருங்கைக்கீரைச் சோற்றோடு கொஞ்சம் எலுமிச்சைச் சாறு சேர்த்தால் இரும்பு நன்றாகச் சேரும்.